நாட்காட்டி கேட்கும் மரம்

டிசம்பர் பிறந்ததும் பெங்களூரு சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிக் காகித நட்சத்திரங்களும் குடில் பொம்மைகளும் வந்து இறங்கும். கூடவே கிறிஸ்துமஸ் மரங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக். உயிருள்ளது வேண்டும் என்பவர்கள் லால்பாகுக்குள் இருக்கும் நர்சரிக்காரர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஓசூர் சாலை நர்சரிகளுக்கோ போவார்கள். அங்கே கறுப்புப் பையில் அடுக்கடுக்காகக் கிளை விரித்த பச்சைக் கன்று ஒன்றைக் காட்டுவார்கள். "ஒரிஜினல் கிறிஸ்துமஸ் ட்ரீதானாண்ணா?" என்று கேட்டால், "ஒரிஜினல்தாம்மா, வேற எங்க போனாலும் இதுதான்" என்று பதில் வரும். அவர் சொல்வதில் பொய் இல்லை. இந்த ஊரில் பல தலைமுறையாக அதுதான் கிறிஸ்துமஸ் மரம். அதன் பெயர் அரகேரியா. பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது.

வாழ்த்து அட்டையில் பனி சுமந்து நிற்கும் மரம் வேறு. 1947 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆஸ்லோ நகரம் லண்டனின் டிராஃபல்கர் சதுக்கத்துக்கு அன்பளிப்பாக அனுப்பும் மரமும் அந்த வேறு மரம்தான்: நார்வே ஸ்ப்ரூஸ். அரகேரியாவும் ஸ்ப்ரூஸும் கூம்பு காய்க்கும் ஊசியிலை மரங்கள் என்பதோடு உறவு முடிந்துவிடுகிறது. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே பிரிந்துபோன குடும்பங்கள் அவை.

உண்மையான ஸ்ப்ரூஸைப் பெங்களூருவில் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவில்லை. இணையக் கடைகளில் நீல ஸ்ப்ரூஸ் விதைப் பொட்டலம் சுலபமாகக் கிடைக்கிறது. ஊரும் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரம். சென்னைக்காரர்கள் ஸ்வெட்டரோடு வந்து இறங்கும் ஊர். வெயில் படாத பால்கனியில் வைத்து, ஏசி அறைக்குள் அவ்வப்போது கொண்டுபோனால் போதாதா?

போதாது. வெப்பம் ஸ்ப்ரூஸைச் சிரமப்படுத்தும் என்பது சரி, ஆனால் அதைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம் மட்டுமல்ல. வருஷத்தில் எந்த மாதம் நடக்கிறது என்பது இந்த மரத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அதை அது இரண்டு வழிகளில் தெரிந்துகொள்கிறது. பெங்களூருவில் இரண்டுமே தவறான தகவலைத் தருகின்றன.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். பிசியா என்ற பேரினத்தில் முப்பத்தைந்து இனங்கள் வரை உண்டு. இந்தியாவில் இமயமலையில்தான். குலு, சிம்லா பக்கம் போகிறவர்கள் தேவதாரு காட்டைத் தாண்டி மேலே ஏறினால், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் கிளைகள் திரை போலத் தொங்கும் நெடிய மரங்களைக் காணலாம். உள்ளூரில் அதை ராய் என்கிறார்கள். அதனோடு கலந்து நிற்கும் ஃபிர் மரத்துக்குத் தோஷ் என்று பெயர். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்று போலத் தெரியும். கிட்டே போய் ஓர் ஊசியிலையைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினால் போதும். ராய் இலை நாற்கோணமாக இருப்பதால் உருளும். தோஷ் இலை தட்டையானது, உருளாது. இலை உதிர்ந்த குச்சியையும் தடவிப் பாருங்கள். ஒவ்வோர் ஊசியும் ஒரு குட்டி முளையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஊசி விழுந்த பிறகும் முளை நிற்கும். குச்சி முழுக்க அரம் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். ஸ்ப்ரூஸ் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

நம்மில் பலரும் ஸ்ப்ரூஸை நேரில் பார்க்காமலே கேட்டிருக்கிறோம். தரமான வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது. வில் பட்டதும் அதிர்ந்து ஒலியை அறைக்குள் வீசுவது அந்தப் பலகைதான். வயலின் வித்வான் சௌடய்யாவின் பெயரில், வயலின் வடிவத்திலேயே கட்டிய அரங்கம் பெங்களூருவில் 1980 முதல் இருக்கிறது. அங்கே கச்சேரிக்கு வரும் ஒவ்வொரு வயலினிலும் ஏதோ ஒரு குளிர்நாட்டு மலைச்சரிவின் நூறு வருஷம் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நெருக்கமான நேர்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு வருஷம். வசந்தத்தில் வளர்ந்த வெளிர்ப் பட்டை, கோடை முடிவில் வளர்ந்த அடர்ந்த கோடு, பிறகு பல மாதம் ஒன்றுமே இல்லை. குட்டையான கோடையும் நீண்ட குளிரும் சேர்ந்து மெதுவாக வளர்த்ததால்தான் பலகை எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கிறது. நின்று நின்று வளர்வதே இந்த மரத்தின் வாழ்க்கை முறை. பெங்களூருவில் சிக்கல் எழுவது அந்த 'நிற்கும்' இடத்தில்தான்.

வடக்கு நார்வேயில் வாழும் ஸ்ப்ரூஸுக்குச் செப்டம்பரிலேயே உறைபனி வந்துவிடலாம். பனி விழுந்த பிறகு வளர்ச்சியை நிறுத்துவது தாமதம். துளிர் இளசாக இருக்கும்போது பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று நான்கு டிகிரி இறங்கினாலே கருகிவிடும். அதே கிளை முறையாகத் தயாரான பிறகு பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியையும் தாங்கும். தயாராவதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். ஆகவே கோடை உச்சத்தில் இருக்கும்போதே குளிர்காலத்தை முன்கூட்டியே அறிய வேண்டும். வெப்பநிலையை நம்ப முடியாது, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொழுதின் நீளம் மாறாது. ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு எவ்வளவு நீளமோ, அடுத்த ஆண்டும் அதே நீளம்.

இலையிலும் மொட்டிலும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம், அகச்சிவப்பை ஒட்டிய அடர்சிவப்பு பட்டாலும் இருட்டிலும் மெல்ல இன்னொரு வடிவம். இரவு நீளும்போது இந்த இரண்டின் விகிதம் மாறுகிறது. குறிப்பிட்ட நீளத்தை இரவு தாண்டியதும், கிளை நுனியில் புது ஊசிகள் பிறப்பது நிற்கிறது. செதில்கள் மூடி மொட்டாகிறது. எந்த நீளம் என்பது ஊருக்கு ஊர் வேறு. மத்திய ஐரோப்பிய விதையிலிருந்து முளைத்த கன்று சுமார் எட்டு, ஒன்பது மணி நேர இரவு வரை பொறுத்துக்கொண்டு வளரும். ஸ்காண்டிநேவியாவின் வடகோடி விதையில் வந்த கன்றுக்கு இரவு மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலே இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று பொருள்.

இப்போது பெங்களூருவின் கணக்கைப் பாருங்கள். இந்த ஊர் 13 டிகிரி வடக்கு. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் 12 மணி 53 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 11 மணி 22 நிமிடம். ஆண்டு முழுவதும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். ஆஸ்லோவில் அதே வித்தியாசம் சுமார் 13 மணி நேரம். பெங்களூருவில் மிகக் குறுகிய இரவே 11 மணி நேரத்துக்கு மேல். நார்வேக் கன்றுக்கு இங்கே ஜூன் மாதமும் அக்டோபர்தான், ஜனவரியும் அக்டோபர்தான். முளைத்துச் சில வாரத்தில் அது மொட்டை மூடிவிட்டு உட்கார்ந்துவிடும். நோய் என்று நினைத்து உரம் போடுவார்கள். உரத்தால் என்ன பயன்? இரவு சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் கன்று நடந்திருக்கிறது.

ராய்க்கு நிலைமை கொஞ்சம் தேவலை. சிம்லாவின் ஜூன் இரவு 10 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதுவும் பெங்களூரு இரவைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குட்டை. உலக வரைபடத்தில் ஸ்ப்ரூஸ் இனங்கள் தெற்கே எதுவரை வருகின்றன என்று பார்த்தால் மெக்சிகோவிலும் தைவானிலும் கடக ரேகையை ஒட்டிய உயரமான மலைகளில் நின்றுவிடுகின்றன. தைவான் ஸ்ப்ரூஸ் 2,300 மீட்டருக்கு மேல்தான் வாழ்கிறது. அதற்குத் தெற்கேயும் இந்தோனேசியா வரை குளிர்ந்த சிகரங்கள் உண்டு. அங்கே ஸ்ப்ரூஸ் இல்லை.

மொட்டு மூடியது முதல் அத்தியாயம்தான். மூடிய மொட்டு திறக்க வேண்டுமே. அதற்குத்தான் குளிர்.

மொட்டு மூடிய சில வாரத்தில் ஆழ்ந்த உறக்கம் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் இதமான வெயிலும் தண்ணீரும் நீண்ட பகலும் கொடுத்தாலும் மரம் அசையாது. பிர்ச், பாப்ளர் மரங்களில் நடந்த ஆய்வுகள் இதன் உள்வேலையைக் காட்டின. மொட்டின் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்துளைகள் உண்டு. வளர்ச்சிக்கான சமிக்ஞைகள் அவற்றின் வழியாகத்தான் போகும். உறக்கத்தின்போது காலோஸ் என்ற கூட்டுச்சர்க்கரைப் பொருள் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது. வாரக்கணக்கில் குளிர் பட்டால், காலோஸைக் கரைக்கும் நொதிகள் உருவாகி அடைப்பு நீங்குகிறது. அதன் பிறகே வெதுவெதுப்புக்கு மொட்டு பதில் சொல்லும். ஜனவரியில் நடுவே நான்கு நாள் வெயில் அடித்தால் ஏமாந்து துளிர்த்துவிடாமல் இருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு இது.

எவ்வளவு குளிர்? உறையும் குளிர் வேண்டாம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, 5 டிகிரியை ஒட்டிப் பல வாரம் வேண்டும். பெங்களூருவின் ஜனவரி விடியற்காலை சராசரியாக 16 டிகிரி. இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13 அன்று. அது போன்ற அபூர்வமான ராத்திரிதான் ஸ்ப்ரூஸுக்குக் கணக்கில் சேரும். மறுநாள் பகல் வெயில் அதையும் அழித்துவிடும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, அதில் பலர் விழுகிறார்கள். ஸ்ப்ரூஸ் மொட்டு ஒன்றைக் கூரான பிளேடால் நெடுக்குவாக்கில் நறுக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தால், பழுப்புச் செதில்களுக்குள் பச்சையாக ஒரு குட்டிக் கோபுரம் தெரியும். அதைச் சுற்றிச் சுருளாக நூற்றுக்கணக்கான புள்ளிகள். அடுத்த வருஷம் விரியப்போகும் ஊசிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் வருஷக் கன்றைத் தவிர, ஸ்ப்ரூஸ் இப்படித்தான் வளர்கிறது. இந்த ஆண்டு மொட்டுக்குள் கட்டிவைப்பது, அடுத்த ஆண்டு விரிப்பது. ஆகவே மலையிலிருந்து குளிர்காலம் முடித்த கன்றைக் கொண்டுவந்து பெங்களூருவில் வைத்தால், மார்ச்சில் அது அழகாகத் துளிர்க்கும். இளம்பச்சைக் குஞ்சங்கள் வெடித்து வரும். வளர்ப்பவர் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். அது போன வருஷம் வேறோர் ஊரில் பட்ட குளிரின் பலன். அடுத்த மார்ச்சில் பாதி மொட்டு திறக்காது. அதற்கடுத்த ஆண்டு கன்று விறகு.

ஆப்பிளுக்கும் இதே குளிர்த் தேவை உண்டு. ஆனால் ஆப்பிளை ஏமாற்றலாம். ஜாவா தீவில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே, பாத்து என்ற ஊரில் ஆப்பிள் விளைகிறது. அறுவடை முடிந்ததும் இலை முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். ஆழ்ந்த உறக்கம் பிடிப்பதற்குள் மரம் மறுபடி துளிர்த்துவிடுகிறது. என்றும் பசுமையாக நிற்கும் ஸ்ப்ரூஸிடம் இந்த வித்தை பலிக்காது. ஊசிகளை உருவினால் மரம்தான் போகும்.

நார்வே ஸ்ப்ரூஸின் மரபணுத்தொகுதியை 2013இல் வெளியிட்டார்கள். சுமார் 2,000 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப் போல ஆறு மடங்குக்கு மேல். இவ்வளவு பெரிய ஏட்டில் எல்லாம் எழுதியிருக்கும் என்று நினைத்தால், அங்கேயும் ஒரு வேடிக்கை. விதை உற்பத்திக்காக வட நார்வே மரங்களின் ஒட்டுக்கன்றுகளைத் தெற்கே, கொஞ்சம் வெப்பமான இடத்தில் தோட்டம் போட்டார்கள். அந்த விதையில் வந்த பிள்ளைகள் தெற்கத்தி மரங்கள் போல நடந்துகொண்டன. மொட்டு மூடுவது தள்ளிப்போயிற்று. மரபணு எழுத்துகள் மாறவில்லை. கரு உருவாகும்போது கூம்புக்குள் இருந்த வெப்பம் பிள்ளையின் நாட்காட்டியைத் திருத்தியிருக்கிறது. நார்வே ஆய்வாளர்கள் இதைப் பலமுறை சோதித்து உறுதிசெய்திருக்கிறார்கள். அப்படியானால் தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்த்தினால் பெங்களூருவுக்குப் பழகிவிடாதா? திருத்தம் சில வார அளவில்தான் நடக்கிறது. தவிர, ஸ்ப்ரூஸ் விதை கொடுக்கவே இருபது, முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை விடாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை, செலவும் பிடிவாதமும் வேண்டும். விதையைக் காகிதத் துவாலையில் ஈரமாகச் சுற்றி மூன்று வாரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பிறகு விதைக்கலாம். தோட்டத்துச் செம்மண் வேண்டாம். தேங்காய் நார்த்தூளும் கரடுமுரடான மணலும் கலந்தது போதும், கொஞ்சம் அமிலத்தன்மை இருப்பது நல்லது. போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது, மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். முளை வரும்போது இரண்டு விதையிலைகளை எதிர்பார்க்க வேண்டாம். ஐந்து முதல் ஒன்பது ஊசிகள் குடை விரிப்பது போல வட்டமாக விரியும். அந்த வாரங்களில்தான் ஆபத்து. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை தண்டை மண் மட்டத்தில் அரித்து, ஒரே ராத்திரியில் கன்றுகள் சாய்ந்துவிடும். தண்ணீரைக் கீழேயிருந்து ஊறவிட்டு, மேல் மண்ணைக் காய விடுவதே மருந்து.

பிறகு ஒளி. கன்றுக்கு மேலே எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டி, நாளுக்கு 18 மணி நேரம் எரிய விட வேண்டும். கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் வனத்துறை நாற்றங்கால்களில் இரவை விளக்கால் சுருக்கும் இதே உத்திதான். பகல் நீண்டிருக்கும்வரை முதல் வருஷக் கன்று ஊசி போட்டுக்கொண்டே போகும். ஐந்தாறு மாதம் கழித்து விளக்கை அணைத்தால் மொட்டு மூடும். மூன்று நான்கு வாரம் விட்டு, தொட்டியோடு 4 டிகிரி ஃபிரிட்ஜில் இரண்டு மாதம். வெளியே எடுத்து மறுபடி விளக்கு. வேர்தான் வெப்பத்துக்கு முதலில் மடியும் பகுதி, எனவே கறுப்புத் தொட்டி கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பிடிக்கும். வெள்ளைக் காகிதத்தைக் கிளைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் ஊர்ந்து போகும் புள்ளிகளாகத் தெரியும். இலைகளைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் அடங்கும். மூன்று வருஷம் இப்படி ஓட்டலாம். நான்காம் வருஷம் வீட்டில் ஃபிரிட்ஜ் யாருக்கு என்ற கேள்வி வரும்.

ஐரோப்பியர்கள் வெப்பநாட்டுச் செடிகளுக்காகக் கண்ணாடி மாளிகை கட்டினார்கள். பெங்களூரு லால்பாகிலும் ஒன்று இருக்கிறது. 1889 நவம்பர் 30 அன்று, விக்டோரியா ராணியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். ஜான் கேமரான் தோட்டக் கண்காணிப்பாளராக இருந்த காலம். இரும்புச் சட்டங்கள் கிளாஸ்கோவின் மெக்ஃபார்லேன் வார்ப்பாலையிலிருந்து வந்தன. குளிர்காலமே இல்லாத ஊரில் குளிரைத் தடுக்கும் கட்டடம்! மலர்க்காட்சிக்குப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஸ்ப்ரூஸுக்கு இங்கே வேண்டியது அதற்கு நேர்மாறு, குளிர்பதனக் கிடங்கு. சிங்கப்பூர் 2012இல் திறந்த குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களில்கூட இருப்பது இதமான குளிர்தான். டிசம்பர் மரத்துக்கு அவர்களும் வெட்டிய மரத்தைக் குளிர்பதனப் பெட்டகத்தில் இறக்குமதி செய்துகொள்கிறார்கள்.

ஊட்டியில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். 1848 வாக்கில் மெக்ஐவர் உருவாக்கிய அரசு தாவரவியல் பூங்கா 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்வெளி வெண்மையாக உறைந்து கிடக்கும். குளிரில் பாதி கிடைத்துவிடும். பதினொரு மணிக்கு வெயில் 20 டிகிரிக்கு ஏறி, இரவு சேர்த்த குளிரைக் கழித்துவிடும். பகலின் நீளமோ பெங்களூருவைவிடவும் சமமானது. நீலகிரியில் வனத்துறை நட்டுச் செழித்தது மெக்சிகோவின் பாட்டுலா பைன். வெப்ப மண்டலத்து உயர்ந்த மலைகளே அதன் பூர்வீகம், அதனால் நீண்ட பகலை அது கேட்பதில்லை. செழித்தது கொஞ்சம் அதிகமாகவே செழித்து, சோலைப் புல்வெளிகளுக்குள் நுழைந்து இப்போது தலைவலியாகிவிட்டது.

அரகேரியாவுக்கு வருவோம். 1774 செப்டம்பரில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ரெசல்யூஷன் கப்பல் நியூ கலிடோனியாவின் தென்முனையை நெருங்கியது. கரையில் தூண் தூணாக ஏதோ நின்றது. கப்பலில் இருந்த அறிஞர்கள் அவற்றை எரிமலைப் பாறைத் தூண்கள் என்றார்கள். குக் மரம் என்றார். குக் சொன்னதே சரி. அடுத்த மாதம் நார்ஃபோக் தீவில் அதன் நெருங்கிய உறவுமரத்தைக் கண்டபோது, நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தது ஸ்ப்ரூஸ் பைன் என்று. பெங்களூரு நர்சரிக்காரரை நாம் அதிகம் குறை சொல்ல முடியாது. பாய்மரத்துக்கு ஆகும் என்று நம்பி 1788இல் பிரிட்டன் அந்தத் தீவில் ஆட்களைக் குடியேற்றியது. வெட்டிப் பார்த்தால் மரம் முறிகிறது.

நியூ கலிடோனியா மரம், குக் பைன் எனப்படும் அரகேரியா கொலம்னாரிஸ், லால்பாகில் ஓங்கி நிற்கிறது. 1961 பிப்ரவரியில் எலிசபெத் ராணி அங்கே நட்டதும் இதுவே. திறந்த வானத்தில் ஒல்லியான கோபுரமாகத் தனித்துத் தெரியும். அடிமரத்தில் பட்டை மெல்லிய சுருளாக உரியும். கீழே விழுந்து கிடக்கும் சிறுகிளையை எடுத்தால் ஊசியாகக் குத்தாது. செதில் இலைகள் நெருங்கிப் பின்னிய கயிறு. பகலின் நீளம் ஆஸ்லோ அளவுக்கு மாறாத வெப்பத் தீவே அதன் பூர்வீகம். குளிருக்காகக் காத்திருக்கும் வழக்கம் அதற்கு இல்லை. மழையும் வெப்பமும் இருந்தால் வளரும்.

இந்த மரத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கலிபோர்னியாவில் மரங்களை அடையாளம் காணும் கையேடு எழுதிக்கொண்டிருந்த தாவரவியலாளர் மேட் ரிட்டர், தான் பார்த்த குக் பைன்கள் எல்லாம் தெற்கே சாய்ந்திருப்பதைக் கவனித்தார். ஆஸ்திரேலியாவில் இருந்த சக ஆய்வாளரிடம் கேட்டால், அங்கே வடக்கே சாய்கின்றன. ஜேசன் ஜான்ஸும் அவரும் குழுவாகச் சேர்ந்து ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017இல் வெளியிட்டார்கள். வட கோளத்தில் தெற்கே, தென் கோளத்தில் வடக்கே. எல்லாம் பூமத்திய ரேகையை நோக்கி. சராசரிச் சாய்வு 8.55 டிகிரி, பைசா கோபுரத்தைப் போல இரு மடங்கு. ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மரம் 40 டிகிரி சாய்ந்திருக்கிறது. மற்ற ஊசியிலை மரங்கள் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்துக்கு அடியில் தடித்த மரத்திசுவை வளர்த்துத் தம்மை நிமிர்த்திக்கொள்ளும். குக் பைன் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்குத் தீர்ந்த விடை இன்னும் வரவில்லை. 13 டிகிரியில் இருக்கும் பெங்களூருவில் சாய்வு லேசாகத்தான் இருக்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு லால்பாகுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்று பயனுள்ளதாகக் கழியும்.

கன்று வாங்குபவர்கள் முதலில் நுனியைப் பாருங்கள். நடுத்தண்டின் நுனி முறிந்திருந்தால் வேண்டாம். அரகேரியாவில் பக்கக்கிளை தன் நிலையை மறப்பதில்லை. பக்கக்கிளையை வெட்டி நட்டு வேர் பிடிக்கவைத்தாலும் அது நிமிராது, வருஷக்கணக்கில் தரையோடு படுக்கையாகவே நீளும். நிமிர்ந்த மரம் வேண்டுமென்றால் விதை, அல்லது நடுத்தண்டின் நுனி. வேலை மிச்சம் என்று பதியன் போட்ட சில கன்றுகள் சந்தையில் கோணலாக நிற்பது இதனால்தான்.

வீட்டுக்குள் ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர். கீழ்க்கிளை பழுத்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி வராது, ஆகவே இருட்டு மூலையில் ஒரு மாதம் வைத்த தவறு வருஷக்கணக்கில் தெரியும். அலங்காரத்துக்குச் சூடாகாத எல்.இ.டி. சரம் போதும். கனமான பொம்மை தொங்கவிட்டால் கிளை வளைந்து அப்படியே நின்றுவிடும். வருஷத்துக்கு இரண்டுமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும். வேறெதுவும் கேட்காது.

கன்றே வேண்டாம், பத்து நாளைக்கு மட்டும் போதும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டுத் தேவாலயங்களும் வீடுகளும் எப்போதோ கண்டுபிடித்த வழி சவுக்குக் கிளை. பார்வைக்கு ஊசியிலை மரம், உண்மையில் பூக்கும் தாவரம். அதன் ஊசி என்று நாம் நினைப்பது பச்சைக் குச்சி. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கழன்ற கணுவின் விளிம்பில் நகக்கண் அளவுகூட இல்லாத பற்கள் ஆறேழு வட்டமாக நிற்கும். அவைதான் இலைகள்.

அரகேரியாவைத் தொட்டியில் வைத்திருப்பவர்களுக்கு ஆறேழு வருஷத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அது கூரையைத் தொடும். நுனியை வெட்டினால் உருவம் கெடும். தாயகத்தில் 60 மீட்டர் வரை போகிற மரம், முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே அடங்காது. அபார்ட்மென்ட் சங்கத்திலோ பக்கத்துப் பள்ளியிலோ பேசி, திறந்த இடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் மழை தொடங்கியதும் நடலாம். பெங்களூருவில் அது எந்தப் பக்கம் சாயும் என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம் என்பதால், தெற்குப் பக்கம் சுவரும் மின்கம்பியும் இல்லாத இடமாகப் பார்த்துக் குழி தோண்டுங்கள்.